மகள் வளர்ந்துவிட்டால் அப்பா விலகிவிட வேண்டுமா?

(பத்தாம் வகுப்பு, 'அ' பிரிவு மாணவி)

தாயைப் போல பிள்ளை, நூலைப் போல சேலை என்பது நாம் அடிக்கடி கேட்கும் பழமொழி. பெண் பிள்ளை என்றால் அவள் தாயின் பொறுப்பு என்று நம் ஊரில் எல்லோரும் தீர்மானித்துவிட்டார்கள். சமையல், கோலம், பூத்தொடுத்தல், வீட்டு வழக்கங்கள், செபமாலை எல்லாம் அம்மாவிடமிருந்து வருகின்றன. அப்பாவிடமிருந்து வருவது என்ன? பள்ளிக் கட்டணமும், மதிப்பெண் அட்டையில் ஒரு கையெழுத்தும் மட்டும்தானா? இந்தக் கேள்வியை நம் பள்ளி ஆண்டு மலரைப் படிக்கும் தோழியர், கன்னியர், பெற்றோர் அனைவர் முன்பும் பணிவுடன் வைக்க விரும்புகிறேன்.

சிறு குழந்தையாக இருக்கும்போது நம்மில் பலருக்கு அப்பாதான் எல்லாம். தோளில் தூக்கிக்கொண்டு தேர் காட்டுவார். வண்டியின் முன்னால் உட்காரவைத்துக் கடைத்தெருவுக்கு அழைத்துப்போவார். ரயில்வே கேட்டில் நின்று பெட்டிகளை எண்ணச் சொல்லுவார். பிறகு ஒருநாள் நாம் பெரியவளாகிறோம். மஞ்சள் நீராட்டு விழா நடக்கிறது. தெருமுனையில் வைக்கும் பெரிய பேனரில் அப்பா கைகூப்பி எல்லோரையும் வரவேற்கிறார். ஆனால் அந்தப் பேனரை அவிழ்த்து எடுக்கும் நாளிலிருந்து அதே அப்பா மகளிடமிருந்து பத்தடி தள்ளி நிற்கத் தொடங்குகிறார். "அம்மாகிட்ட சொல்லும்மா" என்பதே அதற்குப் பிறகு அவர் அதிகமாகப் பேசும் வாக்கியம்.

என் தோழி ஒருத்தி ஏழாம் வகுப்பு வரை மார்கழி, தை மாதங்களில் தன் தந்தையுடன் மரக்காணம் பக்கம் கழுவேலி ஏரிக்குப் பறவை பார்க்கப் போவாள். வெளிநாட்டிலிருந்து வந்து தங்கும் வாத்துகளையும் பூநாரைகளையும் பற்றி வகுப்பில் கதைகதையாகச் சொல்வாள். அந்தக் கழுவேலி 2021-ஆம் ஆண்டு பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. செய்தித்தாளில் அதைப் படித்தபோது அவள் மகிழவில்லை. அதற்குள் அவள் பெரியவளாகிவிட்டாள். ஏரிக்கு அழைத்துப்போவது நின்றுவிட்டது. "வயசுக்கு வந்த பொண்ணைக் கூட்டிக்கிட்டு ஏரியிலே சுத்துறானே என்று நாலு பேர் சொல்லுவாங்க" என்று வீட்டில் சொல்லிவிட்டார்களாம். அவள் தந்தை கெட்டவர் அல்லர். மகள்மேல் உயிரையே வைத்திருப்பவர். ஆனால் அந்த நாலு பேர் யார் என்று அவரும் கேட்கவில்லை, அவளும் கேட்கவில்லை.

பெண் வளர்ந்ததும் தந்தை விலகுவது நம் பண்பாடு என்று சிலர் சொல்கிறார்கள். நம் தமிழ்நாட்டிலேயே பெரிய மனிதர்கள் வேறுவிதமாக நடந்திருக்கிறார்கள் என்பதை அவர்களுக்கு நினைவூட்ட ஆசைப்படுகிறேன்.

கர்ப்பிணித் தாய்மாருக்கு அரசு தரும் நிதியுதவி டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பெயரால் வழங்கப்படுவதை நாம் எல்லோரும் அறிவோம். அந்த அம்மையார் 1886-ஆம் ஆண்டு புதுக்கோட்டையில் பிறந்தவர். தந்தை நாராயணசாமி ஐயர் மகாராஜா கல்லூரியின் முதல்வராக இருந்தவர். பருவமடைந்த பெண் பள்ளிக்குப் போகக்கூடாது என்பது அக்காலத்து வழக்கம். முத்துலட்சுமியும் பள்ளியிலிருந்து நிறுத்தப்பட்டார். ஆனால் படிப்பு நிற்கவில்லை. வீட்டிலேயே பாடம் தொடர்ந்தது. மெட்ரிகுலேஷன் தேர்வை அவர் தனியாக எழுதித் தேறினார். பிறகு ஆண்கள் மட்டுமே படித்த மகாராஜா கல்லூரியில் சேர்ந்தார். 1907-இல் சென்னை மருத்துவக் கல்லூரிக்குப் போய் 1912-இல் டாக்டராக வெளிவந்தார். 1927-இல் சென்னை சட்டசபையில் அமர்ந்தார். 1930-இல் அவ்வை இல்லத்தைத் தொடங்கினார். 1954-இல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனை திறக்கக் காரணமாக இருந்தார். மகள் வளர்ந்ததும் அந்தத் தந்தையும் "இனி உன் அம்மா பாடு" என்று விலகியிருந்தால் இவற்றில் எது நடந்திருக்கும்? எண்ணிப் பாருங்கள்.

அதே 1886-ஆம் ஆண்டில் பிறந்த இன்னொருவர் சகோதரி சுப்பலட்சுமி. பதினொரு வயதில் திருமணமாகி, உடனே கணவரை இழந்தவர். விதவைப் பெண்ணை மூலையில் உட்காரவைத்த அந்தக் காலத்தில் அவருடைய தந்தை சுப்பிரமணிய ஐயர் மகளுக்கு வீட்டிலேயே ஆங்கிலம் கற்பித்தார். பின்னர் சென்னையில் பிரசன்டேஷன் கான்வென்ட் கன்னியரிடம் படிக்க அனுப்பினார். சுப்பலட்சுமி 1911-இல் பட்டம் பெற்றார்; தன்னைப்போன்ற இளம் விதவைகளுக்கு விடுதி நடத்திப் படிக்கவைத்தார். ஒரு தந்தையும் ஒரு கான்வென்ட்டும் சேர்ந்து ஒரு பெண்ணுக்குக் கைகொடுத்தால் எத்தனை பெண்களுக்கு விளக்கேற்ற முடியும் என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டாம்.

விழுப்புரத்திலிருந்து கூப்பிடு தூரத்தில் உள்ள புதுச்சேரிக்கு வருவோம். மகாகவி பாரதியார் 1908 முதல் 1918 வரை அங்கே வாழ்ந்தார். அந்த வீட்டில் பணம் இல்லை; பாட்டு இருந்தது. தங்கம்மாள், சகுந்தலா என்ற இரு மகள்களும், நண்பர் மண்டயம் சீனிவாசாச்சாரியாரின் மகள் யதுகிரியும் அவர் புதிதாகப் பாடியவற்றைப் பக்கத்தில் இருந்தே கேட்டார்கள். சிறுமிகள் என்று அவர் அவர்களை உள்ளே போகச் சொல்லவில்லை. பின்னாளில் சகுந்தலா 'என் தந்தை' என்ற நூலையும், யதுகிரி அம்மாள் 'பாரதி நினைவுகள்' என்ற நூலையும் எழுதினார்கள். தங்கம்மாளும் தந்தையைப் பற்றி எழுதினார். பாரதியார் வீட்டில் எப்படி இருந்தார், எப்படிச் சிரித்தார், எப்படிக் கோபித்தார் என்று இன்று நமக்குத் தெரிவதில் பெரும் பங்கு இந்தப் பெண்களால்தான். மகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டதால் மகளுக்கு மட்டும் நன்மை இல்லை, தந்தைக்கும் நன்மைதான் என்று இதிலிருந்து நான் புரிந்துகொள்கிறேன்.

"இவர்கள் எல்லாம் பெரியவர்கள், எங்களுக்கு நேரம் எங்கே?" என்று தந்தையர் கேட்கலாம். நியாயமான கேள்வி. விழுப்புரத்திலிருந்து சென்னை எழும்பூர் சுமார் 160 கிலோமீட்டர். விடியுமுன்னே ரயிலேறி, இரவு வீடு திரும்பும் தந்தையர் நம் ஊரிலும் திண்டிவனத்திலும் ஏராளம். பிள்ளைகள் எழுவதற்கு முன் போகிறார்கள், தூங்கிய பின் வருகிறார்கள். ஞாயிறு ஒருநாள்தான் மீதி. அதிலும் பூசை, சந்தை, உறவினர் வீட்டு விசேஷம். இது அவர்கள் குற்றமன்று. வயிற்றுப்பாடு அப்படி.

ஆனால் நேருவுக்கு எவ்வளவு நேரம் இருந்தது? 1928-ஆம் ஆண்டு கோடையில் இந்திரா முசோரியில் இருந்தார், நேரு அலகாபாத்தில். பக்கத்தில் இல்லாத குறைக்கு உலகம் தோன்றிய கதையை முப்பது கடிதங்களாக எழுதி அனுப்பினார். பிறகு சிறைக்குப் போனார். 1930 அக்டோபரில் இந்திராவுக்குப் பதின்மூன்றாம் பிறந்தநாள். பரிசு வாங்கித்தரச் சிறையில் வழி ஏது? அந்த நாளில் மறுபடியும் கடிதம் தொடங்கினார். 1933 வரை ஏறத்தாழ இருநூறு கடிதங்கள். அவையே உலக வரலாறு பற்றிய பெரிய நூலாயின. இதில் என் மனத்தைத் தொட்டது கடிதங்களின் எண்ணிக்கை அன்று. நம் ஊரில் தந்தையர் பேச்சை நிறுத்தும் அதே பதின்மூன்றாவது வயதில் அவர் பெரிய பேச்சைத் தொடங்கினார் என்பதுதான்.

நம் திருச்சபையிலும் இதற்கு ஓர் அழகான உதாரணம் இருக்கிறது. புனித குழந்தை தெரேசம்மாள் நான்கரை வயதில் தாயை இழந்தார். தந்தை லூயி மார்ட்டின் கடிகாரம் செய்யும் தொழில் தெரிந்தவர். 1877-இல் ஐந்து பெண் பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு லிசியே நகருக்குக் குடிபோனார். பிற்பகலில் தெரேசாவின் கையைப் பிடித்துக்கொண்டு உலாவப் போவார். வழியில் ஏதாவது ஒரு கோவிலில் நற்கருணை நாதரைச் சந்திப்பார்கள். அவருக்கு மீன்பிடிப்பதில் பிரியம். தெரேசாவையும் உடன் அழைத்துப்போவார். அவர் தூண்டிலோடு உட்கார்ந்திருக்க, மகள் புல்வெளியில் அமர்ந்து தியானத்தில் ஆழ்ந்திருப்பாள். மாலையில் குடும்பத்தோடு விளையாட்டு, வாசிப்பு, செபம். 1887-இல் பதினான்கு வயது தெரேசா தோட்டத்தில் தந்தையிடம் போய், கார்மேல் மடத்தில் சேர விரும்புவதாகச் சொன்னார். தந்தை கண்ணீர் விட்டார், கோபிக்கவில்லை. சுவரோரம் இருந்த சிறு வெள்ளைப் பூவை வேரோடு எடுத்து மகள் கையில் கொடுத்தார். அடுத்த ஆண்டு, என் வயதான பதினைந்தில், தெரேசா மடத்தில் சேர்ந்தார். அவர் 1925-இல் புனிதராக உயர்த்தப்பட்டார். அவருடைய தாயையும் தந்தையையும் பாப்பரசர் பிரான்சிஸ் 2015-இல் ஒன்றாகவே புனிதர்களாக அறிவித்தார்.

அத்தனை பெரிய முடிவைத் தந்தையிடம் நேரில் சொல்லும் துணிவு அந்தச் சிறுமிக்கு எங்கிருந்து வந்தது? அன்று காலையில் திடீரென்று வந்ததன்று. பத்து வருடம் கைகோர்த்து நடந்த நடையிலிருந்து வந்தது. சின்னச் சின்ன விஷயங்களைப் பேசிப் பழகியவர்களால்தான் பெரிய விஷயத்தைப் பேச முடியும். நம் வீடுகளில் ஒரு பெண்ணுக்குப் பதினாறு, பதினேழு வயதில் தரகர் ஜாதகம் கேட்டு வருகிறார். பதினெட்டு வயதுக்கு முன் திருமணம் சட்டப்படி குற்றம் என்று தெரிந்தும் வருகிறார். அந்த நேரத்தில் "அப்பா, நான் படிக்கணும்" என்று சொல்ல அவள் நாக்கு எழுவதில்லை. அவளுக்கு எதில் ஆசை என்று அப்பாவுக்கும் தெரியாது. மூன்று வருடமாகப் பேசாதவரிடம் ஒரே நாளில் எப்படிப் பேசுவது? இருவருக்கும் நடுவில் வளர்ந்த அந்த மௌனம்தான் பல பெண்களின் படிப்பை விழுங்குகிறது என்பது என் கருத்து.

மகளோடு பகிர்ந்துகொள்ளத் தந்தையிடம் என்ன இருக்கிறது என்று கேட்காதீர்கள். ஒவ்வொரு தந்தையின் தொழிலிலும் ஒரு பாடப்புத்தகம் இருக்கிறது. விழுப்புரம் சந்திப்பிலிருந்து சென்னை, திருச்சி, மயிலாடுதுறை, புதுச்சேரி, காட்பாடி என்று ஐந்து வழிகள் பிரிகின்றன. ரயில் எஞ்சின் ஓட்டும் தந்தைக்குத் தலைக்கு மேலே செல்லும் கம்பியில் 25,000 வோல்ட் மின்சாரம் ஓடுவது தெரியும். நாங்கள் மின்னியல் பாடத்தை மனப்பாடம் செய்து தவிக்கிறோமே, அவர் பத்து நிமிடம் சொன்னால் மறக்குமா? மரக்காணத்து உப்பளத்தில் வேலைசெய்யும் தந்தை, பாத்தியில் நீர் ஆவியாகி உப்புப் பூப்பதைத் தினம் பார்க்கிறார். அதுதான் எங்கள் வேதியியல் பாடம். திண்டிவனம் எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையத்தில் உருவான வேர்க்கடலை, எள் ரகங்கள் டி.எம்.வி. என்ற எழுத்துகளோடு பல மாநிலங்களுக்குப் போயிருக்கின்றன. அந்த எழுத்துகள் திண்டிவனத்தைக் குறிப்பவை என்று கடலை விதைக்கும் எத்தனை தந்தையர் தம் மகளிடம் சொல்லியிருப்பார்கள்? கொத்தனார் வேலை செய்யும் தந்தை ஒருநாள் மகளை மண்டகப்பட்டுக்கு அழைத்துப்போகட்டும். செங்கல்லும் மரமும் உலோகமும் சுண்ணாம்பும் இல்லாமல் மகேந்திரவர்மன் பாறையைக் குடைந்து அமைத்த கோயிலைக் காட்டட்டும். கட்டிட வேலையில் இவை ஒவ்வொன்றும் எதற்கு என்று அவரைவிட நன்றாக எந்த ஆசிரியர் சொல்ல முடியும்?

என் தந்தை திண்டிவனத்தில் ஓர் அரிசி ஆலையில் கணக்கு எழுதுகிறார். தினம் விழுப்புரத்திலிருந்து போய்வருகிறார். அவர் சட்டைப்பையில் எப்போதும் ஒரு பிடி நெல் இருக்கும். அதைக் கொண்டுதான் எனக்குப் பாடம். நெல்லை உள்ளங்கையில் தேய்த்து உமியை ஊதிவிட்டு, அரிசியைப் பல்லில் கடித்துப் பார்க்கவேண்டும். 'டக்'கென்று முறிந்தால் காய்ந்த நெல். நசுங்கினால் ஈரம். அரசு கொள்முதல் நிலையத்தில் 17 சதவீதம் ஈரப்பதம் என்பது பொது விதி. அதைத் தாண்டினால் விவசாயி மூட்டையோடு களத்திலேயே காத்துக்கிடக்க வேண்டியதுதான். நூறு கிலோ நெல்லை அரைத்தால் ஏறத்தாழ 65 கிலோ அரிசி. மீதி உமி, தவிடு, குருணை. இந்தச் சதவீதக் கணக்கை எனக்கு அப்பா சொல்லித்தந்தார். அவருடைய ஆலைக் கணக்கை இப்போது வாரம் ஒருமுறை நான் கூட்டிச் சரிபார்த்துத் தருகிறேன். பத்து நிமிட வேலை. ஆனால் அந்தப் பத்து நிமிடத்தில் எங்கள் வீட்டில் பேசப்படுவது நெல்லைப் பற்றி மட்டுமல்ல.

தொழிலைப் பற்றித்தான் பேசவேண்டும் என்பதில்லை. கிரிக்கெட், பழைய பாட்டு, தபால்தலை, தோட்டம், குறுக்கெழுத்து எதுவாகவும் இருக்கட்டும். பௌர்ணமிக்குத் திருவக்கரை வக்கிரகாளியம்மன் கோயிலுக்குக் குடும்பத்தோடு போகிறவர்கள் அருகிலேயே இருக்கும் கல்மரப் பூங்காவையும் பார்க்கலாம். சுமார் இரண்டு கோடி ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த மரங்கள் கல்லாகிக் கிடக்கின்றன. செஞ்சிக் கோட்டை 2025-இல் உலகப் பாரம்பரியச் சின்னங்களில் இடம்பெற்றது. அதைப் பார்க்க வெளிநாட்டிலிருந்து வருகிறார்கள். பக்கத்து ஊர்ப் பெண்களாகிய நாம் இராஜகிரிப் படிகளில் அப்பாவோடு மூச்சுவாங்க ஏறினால் என்ன?

எல்லா வீட்டிலும் இப்படி நடக்காது என்பதை நான் அறிவேன். நம் வகுப்புகளில் தந்தையை இழந்தவர்கள் இருக்கிறார்கள். தந்தை வெளிநாட்டில் உழைக்க, கைப்பேசியில் மட்டும் முகம் பார்ப்பவர்களும் இருக்கிறார்கள். மாலையானால் தந்தையின் காலடிச் சத்தம் கேட்டு நடுங்குகிறவர்களும் இருக்கிறார்கள். 2023 மே மாதம் மரக்காணம் அருகே விஷச்சாராயம் குடித்துப் பலர் மாண்டார்கள். அவர்களும் யாரோ சிலருக்கு அப்பாதானே? அவர்களுடைய பெண்களிடம் போய் "அப்பாவோடு ஏரிக்குப் போ" என்று சொல்வது கொடுமை. அத்தகைய தோழியருக்கு மாமாவோ, தாத்தாவோ, ஆசிரியையோ, ஒரு சிஸ்டரோ அந்த இடத்தில் நிற்க முடியும். மீட்பராகிய இயேசுவை வளர்த்த புனித சூசையப்பரே வளர்ப்புத் தந்தைதான். அவர் பேசிய ஒரு சொல்லைக்கூட நற்செய்தி நூல்கள் குறிக்கவில்லை. ஆனால் அவர் தச்சர் என்பது எழுதப்பட்டிருக்கிறது. இயேசுவையும் ஊரார் தச்சர் என்றே அழைத்தார்கள். தொழிலைக் கற்றுக்கொடுத்த அந்த மௌனத் தந்தையைத் தந்தையர் அனைவரும் பாதுகாவலராகக் கொள்ளலாம்.

இனி, சிலவற்றைத் தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்.

தந்தையரே! வீட்டுக்கு வந்ததும் "எத்தனை மார்க்?" என்ற கேள்வியோடு தொடங்காதீர்கள். இன்று வேலையில் என்ன நடந்தது என்று நீங்களே சொல்லுங்கள். எங்களுக்குப் புரியும். ஆண்டுக்கு ஒருமுறையாவது நீங்கள் வேலை செய்யும் இடத்தைக் காட்டுங்கள். உங்கள் வியர்வையைப் பார்த்த பெண் வீண்செலவு செய்யமாட்டாள்.

தாய்மாரே! "பெரிய பொண்ணு, அப்பாகிட்ட என்ன பேச்சு?" என்று எங்களைப் பின்னால் இழுக்காதீர்கள். மரியாதை தூரத்தில் இல்லை, சொல்லிலும் நடத்தையிலும் இருக்கிறது. நாலு பேர் பேசுவார்கள் என்றால், அந்த நாலு பேரும் நம் வீட்டுப் பெண்ணின் படிப்புக்கு நாலு காசு தரப்போவதில்லை.

தோழியரே! அப்பாதான் முதலில் பேசவேண்டும் என்று காத்திருக்காதீர்கள். நீங்களே ஒரு கேள்வி கேளுங்கள். "அப்பா, உங்க வேலையிலே ரொம்பக் கஷ்டமானது எது?" என்று கேட்டுப் பாருங்கள். கைப்பேசியைக் கீழே வைத்துவிட்டுக் கேளுங்கள்.

கடைசியாக, எங்கள் அன்புக்குரிய மதர் அவர்களுக்கும் சிஸ்டர்களுக்கும் ஒரு விண்ணப்பம். பள்ளிக்குத் தந்தையர் வருவது கட்டணம் செலுத்தவும், மதிப்பெண் குறைந்தால் விளக்கம் சொல்லவும்தான். ஆண்டில் ஒருநாள் அவர்களை வேறு காரணத்துக்காக அழையுங்கள். பேருந்து ஓட்டுநர், உப்பளத் தொழிலாளி, கொத்தனார், வக்கீல், விவசாயி என்று வகுப்புக்கு ஒருவர் வந்து தம் தொழிலைப் பற்றி அரைமணி நேரம் பேசட்டும். மேடையும் மாலையும் வேண்டாம். கரும்பலகையும் சாக்பீஸும் போதும். சூசையப்பர் திருநாளாகிய மார்ச் 19 பொருத்தமான நாள்தான். ஆனால் அது தேர்வுக் காலம். எனவே பள்ளி திறந்தபின் ஜூன் மாதத்தில் ஒரு சனிக்கிழமை வைத்துக்கொள்ளலாம். சென்னைக்கு ரயிலேறும் தந்தையர் சிலருக்கும் அன்று விடுமுறை கிடைக்கும். எங்கள் வகுப்பு அப்போது பள்ளியை விட்டுப் போயிருக்கும். ஆனாலும் எங்களுக்குப் பின்னே வரும் தங்கைகள், தம் அப்பா கரும்பலகை முன்னே நிற்பதைத் தலைநிமிர்ந்து பார்க்கட்டும்.